வசனத்துக்கு முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது

கேள்வி: எங்கள் வேதபாடக் குழுவில் எட்டுப் பேர் இருக்கிறோம். ஒருவர் ஒரு வசனம் வாசிப்பார், பிறகு அது தனக்கு என்ன சொல்கிறது என்று ஒவ்வொருவரும் பகிர்வோம். குழந்தைக்காகப் பல வருடங்களாகக் காத்திருக்கும் ஒரு தங்கையிடம், போன வாரம் எரேமியா 29:11-ஐ ("நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்கும் வசனம்) எடுத்து, "இந்த வருடமே கிடைக்கும், கர்த்தர் சொல்லிவிட்டார்" என்றார் எங்கள் மூத்தவர். கணீரென்று வாசிப்பவர், எல்லோருக்கும் பிரியமானவர். "அதிகாரம் முழுவதையும் வாசிக்கலாமே" என்றேன். "ஆவியை அவித்துப்போடாதே அம்மா" என்று முடித்துவிட்டார். ஆராய்ந்து வாசிப்பது அவிசுவாசமா? நான் பேசாமல் இருந்துவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, பேசாமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் மூத்தவர் சொன்னது, பவுல் எழுதிய கடிதமான 1 தெசலோனிக்கேயர் 5:19. இரண்டே வசனம் தள்ளி, "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று பவுலே எழுதுகிறார். பெரோயா ஊரார் அந்தப் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தில் தேடிச் சரிபார்த்தவர்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது.

இனி எரேமியாவுக்கு வருவோம். 29-ஆம் அதிகாரம் ஒரு கடிதம். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அதற்கு முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்கிறான். எரேமியாவுக்கும் அந்த ஆசை இருந்தது. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். ஆனால் கர்த்தர் அவரிடம் சொன்னது வேறு. எழுபது வருடம்! வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கடிதம் போகிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற 11-ஆம் வசனம் வருகிறது. நாள் குறித்துக் கொடுத்த அனனியாவின் அதிகாரத்தை அடுத்து வருகிற கடிதத்திலிருந்து ஒரு வரியை எடுத்து, நாமே ஒரு நாள் குறிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நோயில் கிடந்த ஒரு தோழிக்கு நானும் இதே வசனத்தை இதே விதமாகச் சொன்னவள்தான். அவள் எதிர்பார்த்தது நடக்கவில்லை. வசனம் பொய்த்துவிட்டது என்று அவள் அழுதாள். பொய்த்தது, நான் அதோடு ஒட்டிவிட்ட தேதி. அதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்று ஒருவரையே மரியாதைக்கு "நீங்கள்" என்கிறோம். நம் பழைய மொழிபெயர்ப்பில் ஒருவரானால் "நீ" அல்லது "நீர்", "நீங்கள்" என்றால் பலர். எரேமியா 29:11-இல் இருப்பது "உங்கள்பேரில்", ஒரு ஜனக்கூட்டத்துக்குச் சொன்னது. லூக்கா 22:31-ஐப் பாருங்கள். சாத்தான் "உங்களை" புடைக்க உத்தரவு கேட்டான் என்று சீமோனிடம் சொல்கிற இயேசு, அடுத்த வசனத்தில் "உன்" விசுவாசம் ஒழிந்துபோகாதபடி வேண்டிக்கொண்டேன் என்கிறார். சோதனை எல்லாச் சீஷருக்கும், ஜெபமோ பெயர் சொல்லி ஒருவனுக்கு. இந்தச் சிறு வித்தியாசத்தைக் குழுவில் யாராவது கண்டுபிடிக்கும்போது அறையே சற்று அமைதியாகும். நான் பார்த்திருக்கிறேன்.

முறை பெரிதாக ஒன்றும் வேண்டாம். அதிகாரம் முழுவதையும் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். வசன எண்கள் பிற்காலத்தில் வந்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்கள் 1551-இல் அச்சிட்ட ஒரு பதிப்பில்தான் வந்தன. அதனால் எண்ணில் நிற்காமல், பேச்சு முடியும் இடம்வரை போங்கள். முதல் கால் மணி நேரம் யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னார் என்று மட்டும் பேசுங்கள். "எனக்கு" என்ற சொல் அதற்குப் பிறகு வரட்டும். அது வரத்தான் வேண்டும், அதைத் தடுக்காதீர்கள். புரியாத இடத்தில் "தெரியவில்லை" என்று சொல்லவும் இடம் கொடுங்கள்.

அந்தத் தங்கையை இந்த வாரமே தனியாகப் போய்ப் பாருங்கள். திருத்தம் சொல்லப் போகாதீர்கள், அவள் பக்கத்தில் உட்காருங்கள். கேட்டால் கடிதத்தை முழுதாக வாசித்துக் காட்டுங்கள். காத்திருக்கிறவர்களைத் தேடிவந்த கடிதம் அது.

மூத்தவரைக் குழுவில் வைத்து மறுத்துப் பேச வேண்டாம். கூட்டத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய், "ஐயா, அடுத்த வாரம் 28, 29 இரண்டு அதிகாரங்களையும் நீங்களே வாசித்துத் தர வேண்டும்" என்று கேளுங்கள். கணீரென்று வாசிப்பார் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்.