டிராய் என்றால் எந்த டிராய்?

கொடைக்கானலில் எங்கள் வாசகர் வட்டம் மாதம் ஒரு முறை கூடும். மழைக்காலத்தில் பதினைந்து பேர் வந்தாலே பெரிய விஷயம். போன கூட்டத்தில் இலியட் கதையைச் சொன்னேன். கிரேக்கர்கள் டிராய் என்ற ஊரை முற்றுகையிட்ட போரைப் பற்றிக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய காவியம் அது. சொல்லி முடித்ததும் கரண்ட் போய்விட்டது. இருட்டில் உட்கார்ந்துகொண்டு ஆளாளுக்குக் கேட்டார்கள், கதையைப் பற்றி அல்ல, அந்த ஊர்ப் பெயரைப் பற்றி. நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். கேள்வி வந்தால் விடமாட்டேன். ஆனால் இருட்டில் எவ்வளவு நேரம் பேசுவது? எழுதிக் கொடுங்கள், எழுதியே பதில் தருகிறேன் என்றேன். அந்தச் சீட்டுகளுக்கான பதில்கள்தான் இவை.

சார், பேப்பரில் ‘டிராய் புதிய உத்தரவு’ என்று போட்டிருந்தது. அந்த ஊருக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தமா? (பண்ணைக்காடு, கல்லூரி மாணவர்)

ஒன்றும் கிடையாது தம்பி. அது 1997-ல் அமைத்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் டிராய். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்து வேறு, உச்சரிப்பும் வேறு. தமிழில் எழுதும்போதுதான் ஒன்றாகிவிடுகிறது.

கேட்டதும் நல்லதாகப் போயிற்று. ‘டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் நம்பரைத் துண்டிக்கப் போகிறோம், ஒன்பதை அழுத்துங்கள்’ என்று யாராவது பேசினால் போனை வைத்துவிடு. அந்த ஆணையம் அப்படி யாருக்கும் போன் செய்வதில்லை.

அந்த ஊர்க்காரர்களே தங்கள் ஊரை டிராய் என்றுதான் சொன்னார்களா? (செண்பகனூர்)

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. கிரேக்கர்கள் அந்த ஊருக்கு இரண்டு பெயர் சொன்னார்கள்: துரோயா, இலியோன். இலியட் என்ற பெயர் இரண்டாவதிலிருந்து வந்தது. இலியோனின் பழைய வடிவத்தில் முன்னால் ஒரு வகர ஒலி இருந்தது, பிறகு தேய்ந்துபோனது என்கிறார்கள் மொழியியலாளர்கள். அதைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள், ‘விலியோன்’ என்று வரும்.

அப்புறம் இருபதாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் ஆண்ட இட்டைட்டுகளின் களிமண் பலகைகளைப் படிக்கத் தொடங்கினார்கள். அவற்றில் மேற்கே ‘விலுசா’ என்ற நாடும், ‘தருயிசா’ என்ற இடமும் வருகின்றன. விலியோனும் விலுசாவும் ஒன்றே, துரோயாவும் தருயிசாவும் ஒன்றே என்பது இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் கருத்து. அதோடு நிற்கவில்லை. கி.மு. 1280 வாக்கில் இட்டைட்டு மன்னன் இரண்டாம் முவத்தல்லி விலுசாவின் அரசனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டான். அந்த அரசனின் பெயர் அலக்சாண்டு. கிரேக்க அரசி ஹெலனைக் கூட்டிக்கொண்டு போன டிராயின் பாரிஸ் இளவரசனுக்கு இலியட்டில் இன்னொரு பெயர் அலெக்சாந்தர். இரண்டும் ஒரே ஆள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு ஊருக்குப் பல பெயர் இருப்பது நமக்கு அதிசயமா என்ன? கீழே இருக்கும் பழனியையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமுருகாற்றுப்படையில் ஆவினன்குடி, அகநானூற்றில் பொதினி. இன்று பழனி என்றால் ஊர், கோயில், நாம் குடியிருக்கும் மலைத்தொடர், அப்புறம் தெருவுக்கு இரண்டு ஆள்.

மரக்குதிரை உண்மையா சார்? (பெருமாள்மலை, ஜீப் ஓட்டுநர்)

குதிரை இருந்ததற்குத் தடயம் இல்லை. இன்னொன்று, போன கூட்டத்தில் நான் இலியட்டை முடித்தபோது ‘குதிரை எங்கே?’ என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். இலியட்டில் குதிரை கிடையாது! அது டிராய் இளவரசன் ஹெக்டரின் இறுதிச் சடங்கோடு முடிந்துவிடும். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில் குதிரையைப் பற்றிச் சுருக்கமாக வருகிறது. விஸ்தாரமாகச் சொன்னவர் பல நூற்றாண்டு கழித்து வந்த ரோமானியக் கவிஞர் வர்ஜில். கப்பல்களைத் தீவின் மறைவில் நிறுத்திவைத்தது, சைனன் என்ற பொய்யனைக் கரையில் விட்டுப் போனது, ‘கிரேக்கர் பரிசு கொண்டுவந்தாலும் எனக்குப் பயம்தான்’ என்று ஒரு பூசாரி கத்தியது எல்லாம் அவர் பாட்டில் வருபவை.

ஊரார் கவனிக்காத ஒன்று உண்டு. ‘டிராய்க் குதிரை’ என்கிறோமே, அதைச் செய்தவர்கள் கிரேக்கர்கள், உள்ளே ஒளிந்தவர்களும் கிரேக்கர்கள். டிராய் செய்தது, அதை உள்ளே இழுத்துக்கொண்டது மட்டும்தான். ஏமாந்தவன் பெயரே ஏமாற்று வித்தைக்கு நிலைத்துவிட்டது.

நம்மிடம் இதே கதை யானையாக இருக்கிறது. கொங்குவேளிர் பெருங்கதையில் பாடிய உதயணன் வரலாறு அது. உதயணன் யாழ் மீட்டினால் மதம் பிடித்த யானையும் அடங்கும். அவன் பலவீனமும் அதுதான், யானை என்றால் எதையும் மறந்து ஓடுவான். உஞ்சை நகரத்து அரசன் பிரச்சோதனன் ஓர் எந்திர யானையைச் செய்து, உள்ளே வீரர்களை ஒளித்துக் காட்டில் விட்டான். உதயணன் யாழை எடுத்துக்கொண்டு போனான், மாட்டிக்கொண்டான். பிற்பாடு அவனுடைய அமைச்சன் யூகி பழி தீர்த்த விதம்தான் ரசமானது. உஞ்சையின் பட்டத்து யானை நளகிரிக்கு வெறியேற்றி ஊரையே கலங்க வைத்தான். வேறு வழியில்லாமல், அதை அடக்கச் சிறையில் இருந்த உதயணனையே கூப்பிட வேண்டியதாயிற்று. பொய் யானையில் பிடிபட்டவன், நிஜ யானையால் வெளியே வந்தான். இரண்டில் எது நல்ல கதை என்று கேட்டால் தயங்காமல் யானைக்குத்தான் என் ஓட்டு. காட்டெருமையும் யானையும் நடமாடும் மலையில் இருந்துகொண்டு வேறு என்ன சொல்வேன்?

கம்ப்யூட்டர் ட்ரோஜன் என்பது வைரஸ்தானே? (காட்டேஜ் ஒன்றில் வரவேற்பில் இருக்கும் தங்கை)

இல்லைம்மா. ட்ரோஜன் என்றால் டிராயைச் சேர்ந்தது, அந்தக் குதிரையின் பெயர்தான். வைரஸ் தானாகப் பெருகும், ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். ட்ரோஜன் அப்படிப் பரவாது. நீயே கதவைத் திறந்து உள்ளே விட வேண்டும். 1974-ல் அமெரிக்க விமானப்படைக்காகச் செய்த ஒரு பாதுகாப்பு ஆய்வறிக்கையிலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது. 1984-ல் அச்சான தன் டூரிங் விருது உரையில் கணினி விஞ்ஞானி கென் தாம்ப்சன் இதைப் பற்றிப் பேசியபின் இன்னும் பிரபலமாயிற்று.

சென்ற ஆவணியில் என் போனுக்கே ஒன்று வந்தது. தெரிந்தவர் நம்பர், ‘குடும்பத்துடன் வரவும்’ என்று ஒரு வரி, கீழே கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல். தொடப் போனவன், பெயரின் வாலைப் பார்த்து நிறுத்தினேன். புள்ளி வைத்து ‘ஏபிகே’ என்று முடிந்திருந்தது. பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். ஏபிகே என்றால் அது ஆப். நிறுவினால் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓடிபி அவன் கைக்குப் போய்விடும். அனுப்பியவரைக் கூப்பிட்டால் அவர் வீட்டில் கல்யாணமே இல்லை. அவர் போன்தான் முதலில் விழுந்த கோட்டை. தவறித் தொட்டுவிட்டால் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் பேசிவிடு.

டிவியில் தங்கம் ‘ஒரு அவுன்ஸ்’ இத்தனை டாலர் என்கிறார்கள். அது டிராய் அவுன்ஸ் என்று மகன் சொல்கிறான். அந்த ஊரில் தங்கம் எடுத்தார்களா? (பூம்பாறை, பூண்டு விவசாயி)

மகன் சொன்னது சரி அண்ணே, ஆனால் ஊர் வேறு. பிரான்சில் த்ருவா என்று ஒரு ஊர். ஆங்கில எழுத்தில் பார்த்தால் டிராய்க்குப் பின்னால் இரண்டு எழுத்து கூடுதல். இடைக்காலத்தில் அங்கே பெரிய வணிகச் சந்தை கூடும், அந்தச் சந்தையின் எடைதான் இது என்பது பொதுவான கருத்து. அந்த ஊர்ப் பெயரும் திரிக்காசர் என்ற பழங்குடியிடமிருந்து வந்தது, ஹோமரின் ஊரிலிருந்து அல்ல.

ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். நம் கணக்கில் பவுன் 8 கிராம் என்றால், நாலு பவுனுக்கு ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காலத்துத் தோலாவும் இதே குடும்பம்தான். எட்டு தோலா மூன்று டிராய் அவுன்ஸ்.

இப்போது உங்களுக்கு ஒரு விடுகதை. ஒரு பவுண்டு மலைப்பூண்டு, ஒரு பவுண்டு தங்கம், எது கனம்? பூண்டுதான்! சாதாரண பவுண்டு 453.6 கிராம், டிராய் பவுண்டு 373.2 கிராம். ஆனால் அவுன்ஸ் என்று கேட்டால் தங்கம் ஜெயித்துவிடும், ஏனென்றால் பூண்டின் அவுன்ஸ் 28.35 கிராம்தான். டிராய் பவுண்டுக்கு 12 அவுன்ஸ், மற்றதற்கு 16. குழப்பம் அங்கேதான்.

வானத்தில் ட்ரோஜன் என்று பாறைகள் இருக்கின்றனவாம். நம் ஊர் வானாய்வகத்தில் பார்க்கலாமா? (பதினொன்றாம் வகுப்பு மாணவி)

அங்கே 1901-லிருந்து பார்த்துவருவது சூரியனைம்மா. பாறைக்கு வேறு தொலைநோக்கி வேண்டும். ஆனால் விஷயம் நமக்குத் தூரம் இல்லை. ஆதித்யா எல்-1 நிற்கும் இடத்தின் பெயரில் உள்ள ‘எல்’ கணித அறிஞர் லக்ராஞ்சைக் குறிக்கும். 1772-ல் அவர் போட்ட கணக்குப்படி, வியாழனின் பாதையிலேயே அதற்கு 60 டிகிரி முன்னால் ஓர் இடம், 60 டிகிரி பின்னால் ஓர் இடம். அங்கே போய்ச் சேர்ந்த பாறை அந்த வட்டாரத்தை விட்டுச் சுலபத்தில் விலகாது. அவைதான் எல்-4, எல்-5. 1906-ல் மாக்ஸ் வுல்ஃப் அங்கே முதல் பாறையைக் கண்டு அக்கிலீஸ் என்று பெயர் வைத்தார். பிறகு முன்னால் போகும் கூட்டத்துக்குக் கிரேக்க வீரர் பெயர், பின்னால் வருவதற்கு டிராய் வீரர் பெயர் என்று ஏற்பாடு. அதற்குள் இரண்டு பாறைகளுக்குப் பெயர் வைத்தாயிற்று. கிரேக்கன் பத்ரோக்ளஸ் டிராய்ப் பாசறையிலும், டிராயின் ஹெக்டர் கிரேக்கப் பாசறையிலும் மாட்டிக்கொண்டார்கள். இன்றுவரை ஒற்றர்களாகச் சுற்றுகிறார்கள். இவற்றைப் பார்க்க 2021-ல் லூசி என்ற விண்கலம் கிளம்பியிருக்கிறது.

பாரிஸ் இளவரசன் பெயர்தான் பாரிஸ் நகரத்துக்கா? (வில்பட்டி)

இல்லை. அது பாரிசி என்ற பழங்குடியின் பெயர். நம் சென்னைப் ‘பாரிஸ்’ இரண்டும் இல்லை, தாமஸ் பாரி என்ற வியாபாரியின் பெயர்.

அமெரிக்காவில் டிராய் இருக்கிறதா? (அட்டுவம்பட்டி)

நிறைய. நியூயார்க் மாநிலத்தில் இருப்பது 1789-ல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. ‘அங்கிள் சாம்’ என்ற பட்டம் அந்த ஊர் இறைச்சி வியாபாரி சாமுவேல் வில்சனால் வந்தது என்பார்கள்.

டிராய், ட்ராய், திராய்: எது சரி? (தமிழாசிரியை)

டகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பது உங்களுக்குத் தெரியாததா டீச்சர்? இலக்கணம் பார்த்தால் ‘திராய்’. பேப்பர் படிக்கிறவனுக்கு ‘டிராய்’. நான் பேப்பர் கட்சி.

அந்த ஊரை இப்போது போய்ப் பார்க்க முடியுமா? (தாண்டிக்குடி, காப்பித் தோட்டக்காரர்)

முடியும். துருக்கியின் சனக்கலே மாகாணத்தில் ஹிசார்லிக் என்ற மேடு. ‘கோட்டை இருக்கும் இடம்’ என்று பொருள், நம் ஊர்க் கோட்டைமேடு மாதிரி. அந்த மேட்டில் முதலில் தோண்டிப் பார்த்தவர் ஃபிராங்க் கால்வர்ட். புகழ் போனது அவர் பேச்சைக் கேட்டு 1870-ல் வந்து தோண்டிய ஷ்லீமனுக்கு. ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது ஊர்கள் இருந்த மேடு அது. ஹோமரின் டிராய் அடியில்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, நடுவில் பெரிய பள்ளம் வெட்டிக்கொண்டு போனார். 1873-ல் தங்கம் கிடைத்தது, ‘டிராய் மன்னன் பிரியாமின் புதையல்’ என்று அறிவித்தார். அது போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஆயிரம் வருஷம் முந்தைய அடுக்கு. தேடிய ஊரின் அடுக்குகளையும் வழியிலேயே வெட்டிப் போட்டுவிட்டார். உங்கள் ஊர்க் கல்திட்டைக்குள் புதையல் தேடிக் கடப்பாரை போட்டவர்களைப் பற்றி நீங்கள் சொன்னீர்களே, அதே புத்திதான், கொஞ்சம் பெரிய அளவில்.

அந்தத் தங்கம் பெர்லினுக்குப் போய், 1945-ல் சோவியத் படையோடு மாஸ்கோ போயிற்று. இப்போது புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹிசார்லிக்கில் 2018-ல் நல்ல அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். சனக்கலே கடற்கரையில் ஒரு பெரிய குதிரையும் நிற்கிறது. கூட்டமெல்லாம் அதன் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்கிறது. அது சினிமாவுக்காகச் செய்தது.