ஏ4 என்ஜினுக்கு எந்த நிறம் அடிப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பிரிட்டனின் ஏ4 வகை நீராவி என்ஜின்களில் ஒன்றான மல்லார்ட் 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் ஓடி உலக சாதனை செய்தபோது இருந்தபடியே மாடல் செய்கிறேன். வெள்ளி அடிப்பதா, நீலமா?

பதில்: நீலம்தான். கார்ட்டர் நீலம் என்று பெயர். சக்கரங்களுக்கு அடர் சிவப்பு. வெள்ளிச் சாம்பல் நிறம் 1935இல் சில்வர் ஜூபிலி ரயிலுக்காக வந்த முதல் நான்கு என்ஜின்களுக்கு (2509 முதல் 2512 வரை) உரியது. எண் 4468, இரட்டைப் புகைபோக்கி, சக்கரங்களின் மேற்பாதியை மூடும் பக்கத் தகடு மூன்றையும் சரிபாருங்கள். சாதனையைச் சொல்லும் பலகை 1948இல்தான் பொருத்தப்பட்டது, அதை ஒட்டிவிடாதீர்கள். புகைபோக்கிக்குப் பின்னால் உள்ள சிறு பள்ளத்தையும் புட்டி போட்டு நிரப்பிவிட வேண்டாம். ஓட்டுநரின் கண்ணை மறைக்காமல் புகையை மேலே தூக்கிவிடுவது அதுதான். காற்றுச் சுரங்கச் சோதனை மாதிரியில் யாரோ விரலால் அழுத்திய தடம் அது என்று ஒரு கதை உண்டு, கதையாகவே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பச்சை ஏ4 படங்களும் பார்த்தேன். அவை உண்மையா?

பதில்: உண்மைதான், ஆனால் பச்சை இரண்டு வகை. 1936 டிசம்பரில் வந்த 4482 கோல்டன் ஈகிளும் அதையடுத்த சிலவும் ஆப்பிள் பச்சை. 1937இல் கொரோனேஷன் ரயிலுக்கென 4488 முதல் 4492 வரை நீலத்தில் வந்தன. அடுத்த ஆண்டு முடிவதற்குள் எல்லாமே நீலமாகிவிட்டன. போரின்போது கறுப்பு, போருக்குப் பின் மறுபடி நீலம், 1948இல் நான்குக்கு மட்டும் சோதனையாக ஊதா. பிரிட்டிஷ் ரயில்வேயின் அடர் பச்சை 1951இல் தொடங்குகிறது. பக்கத் தகடு இருந்தால் ஆப்பிள் பச்சை, இல்லாவிட்டால் அடர் பச்சை என்று பிரித்துவிடலாம். புகைபோக்கியை வைத்து முடிவு செய்யாதீர்கள்: மல்லார்டும் வேறு மூன்றும் தவிர மற்றவை 1957-58 வரை ஒற்றைப் புகைபோக்கியோடுதான் ஓடின.

கேள்வி: தகட்டை ஏன் கழற்றினார்கள்?

பதில்: எண்ணெய் விடவும் பழுது பார்க்கவும் அது இடைஞ்சல். 1941-42இல் கழற்றினார்கள், பிறகு சேவையில் இருந்தவரை திரும்ப மாட்டவில்லை.

கேள்வி: நடு சிலிண்டரின் பேரிங் மட்டும் ஏன் அடிக்கடி சூடேறியது?

பதில்: மூன்று சிலிண்டர்கள் இருந்தாலும் வால்வு கியர் (சிலிண்டருக்கு நீராவியை விடும் வால்வை ஆட்டும் அமைப்பு) வெளிப்பக்கம் இரண்டுதான். நடு வால்வை ஆட்டுவது அவ்விரண்டோடும் பிணைத்த நெம்புகோல்கள். ஒவ்வொரு பின்னிலும் ஏற்படும் சிறு தேய்மானம் எல்லாம் சேர்ந்து நடு வால்வில்தான் வந்து விழும். வேகம் கூடும்போது நெம்புகோல்களும் சற்று வளைவதால் நடு வால்வு எல்லை தாண்டி நகரும். நடு சிலிண்டர் தன் பங்குக்கு மேல் வேலை செய்யும். அந்தச் சுமை கனெக்டிங் ராடின் (பிஸ்டனின் விசையைச் சக்கர அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டின்) பெரிய முனை பேரிங்குக்குப் போகும். மல்லார்டும் சாதனை ஓட்டத்தில் இந்தப் பேரிங் சூடேறித்தான் பீட்டர்பரோவில் நின்றது. 1950களில் டான்காஸ்டர் பணிமனை பேரிங்கின் வடிவத்தை மாற்றி, ஒளியியல் கருவி வைத்து நேர்கோடு பார்த்துப் பொருத்திய பிறகு தொல்லை வெகுவாகக் குறைந்தது.

கேள்வி: நேரில் எங்கே பார்க்கலாம்?

பதில்: கட்டியவை 35, எஞ்சியவை 6. மல்லார்ட் யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். எண் 60008 என்ஜின் அமெரிக்காவின் கிரீன் பேயிலும் எண் 4489 என்ஜின் கனடாவில் மான்ட்ரியால் அருகிலும் உள்ளன.