கிணற்றடியில் தொடங்கிய கேள்வி

வலிகாமம் மேற்கிலிருந்து ஒரு தாயும் தந்தையும் கடந்த வாரம் மகளுடன் என்னிடம் வந்திருந்தார்கள். உயர்தரக் கணிதப் பிரிவில் முதல் தடவை தோற்றிய மகளின் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குக் கணக்கிடப்படும் புள்ளி), கடந்த ஆண்டு யாழ். மாவட்டத்துக்கான பொறியியல் வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை. பௌதிக விஞ்ஞானத்துக்கோ தாராளமாகப் போதும். கனடாவில் இருக்கும் மாமா, இன்னொரு முறை எழுதட்டும், அதுவும் சரிவராவிட்டால் காசு கட்டிப் பொறியியல் படிப்பிப்போம், பாதிச் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். மற்றப் பாதிக்கு வளவை ஈடு வைக்கத் தந்தை ஆயத்தமாக இருந்தார். "பிள்ளையின்ர வாழ்க்கை வீணாப் போயிடுமோ?" என்று தாயார் கண்கலங்கியபோது, இல்லை அம்மா, அப்படி ஒன்றும் ஆகாது என்று ஆறுதல் சொன்னேன். அதற்குமேல் நான் சொன்னவை ஆறுதல் வார்த்தைகள் அல்ல.

பேச்சின் நடுவே மகள் தன் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினாள். முடிச்சிட்ட கயிற்றால் இரண்டு ஆண்டுகளாகக் கிழமைக்கு ஒரு தடவை வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து, மழை பெய்த நாள்களையும் நீரின் சுவை மாறிய நாள்களையும் அதில் குறித்திருக்கிறாள். அயல்வீட்டுக் கிணறு ஆவணியில் உவர்க்க, தங்கள் கிணறு ஏன் உவர்ப்பதில்லை என்பதுதான் அவளுடைய கேள்வி. பெற்றோர் அந்தக் கொப்பியை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்கள். யாரும் சொல்லாமல், எந்தப் பரீட்சையும் கேட்காமல், கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அறிய ஒரு பிள்ளை இரண்டு ஆண்டுகள் பொறுமையாக அளந்திருக்கிறாளென்றால், எந்த இசட் புள்ளியையும்விட அந்தக் கொப்பியையே நான் பெரிதாக மதிப்பேன்.

மருத்துவம், பொறியியல், கணினி ஆகியவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அவற்றை உறவினர்கள் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். நம் வீடுகளில் எவரும் பெயர்கூடச் சொல்லாத, பாறைகளையும் நிலத்தின் அடியையும் ஆராயும் புவிச்சரிதவியலைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இதற்கெனத் தனித் துறை இருக்கிறது. பௌதிக விஞ்ஞானத்துக்குத் தெரிவாகிறவர்கள் அங்கு இதை ஒரு பாடமாக எடுத்து, பெறுபேறு நன்றாக அமைந்தால் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் வரை செல்லலாம். பாறையை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி செய்து, நுணுக்குக்காட்டியின் கீழ் அதன் கனிமங்களை அடையாளம் காண்பார்கள். காடுமேடெல்லாம் நடந்து பாறைகளின் சாய்வை அளந்து வரைபடம் ஆக்குவார்கள். நிலத்தில் மின்வாய்களை ஊன்றி, மின்தடையின் ஏற்ற இறக்கத்தைக்கொண்டு, ஒரு குழியும் தோண்டாமலே நன்னீர் எங்கே முடிந்து உவர்நீர் எங்கே தொடங்குகிறது என்று கணிப்பார்கள்.

இந்த அறிவு யாழ்ப்பாணத்துக்குத் தேவைப்படுவதுபோல இலங்கையில் வேறெந்த ஊருக்கும் தேவைப்படுவதில்லை என்பது என் எண்ணம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மயோசீன் என்ற பழைய புவிக்காலத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கோட்பாடு. மோட்டார் பூட்டி இறைத்து மேலே ஓரடியைக் குறைத்தால் கீழே உவர் எவ்வளவு ஏறும் என்பதை நீங்களே கணக்கிடலாம். மகளின் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி இதில்தான் இருக்கிறது. மறுபகுதியை அவளே தேடட்டும். தோட்டங்களின் உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதே வெடிப்புகள் வழியாகத்தான் கிணறுகளுக்குள் இறங்குகின்றன.

புத்தூர் நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதந்ததாக நம் பாட்டிமார் சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையை முதலில் சொன்னவர் நிலத்துக்கடியில் நீருக்கு வழி உண்டா என்று கேட்டிருக்கிறார். சுண்ணாம்புக்கல் நிலங்களில் ஓரிடத்தில் சாயத்தைக் கலந்து, அது எங்கே எப்போது வெளிப்படுகிறது என்று பார்ப்பது இன்றைய நிலத்தடி நீர் ஆய்வாளர்களின் வழக்கமான முறை. எலுமிச்சம்பழத்துக்குப் பதில் புளோரசீன் என்ற சாயம், அவ்வளவுதான்.

கல்லையும் மண்ணையும் படித்து என்ன செய்வது என்று தந்தை கேட்டார். கலை ஆய்வாளராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். 1903இல் தொடங்கிய இலங்கைக் கனிம அளவைப் பணிக்கு முதல் பணிப்பாளராக இருந்தவர். கல் தேடி ஊர் ஊராகப் போன அந்தப் பயணங்களில் கண்ட கைவினைகளே அவரைக் கலையின் பக்கம் திருப்பின. இன்று புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், நீர்வள சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஆகியவற்றில் இத்துறையினருக்கு இடமுண்டு. ஆனால் அரச நியமனங்கள் தாமதமாகலாம், வெற்றிடங்கள் ஏராளம் அல்ல, படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில். இவற்றை நான் மறைக்கவில்லை.

செலவு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. தகுதியிருந்தால் மகாபொல புலமைப்பரிசிலும் கிடைக்கும். விடுதி, சாப்பாடு, களப்பயணம், நல்ல சப்பாத்து ஆகியவற்றுக்கே நீங்கள் காசு தேட வேண்டும். பிள்ளை கேட்காத பட்டத்துக்காக வளவை ஈடு வைப்பதை என்னால் ஒருபோதும் ஏற்க முடியாது. அந்தக் கடன், பட்டம் முடிந்த பின்னரும் அவளுடைய கழுத்தில்தான் கிடக்கும். மாமா தருவதாகச் சொன்ன பாதியும் நாளைக்கு ஒரு கலியாணப் பேச்சில் நினைவூட்டப்படும். பெண்பிள்ளை காடு மலை ஏறுவதா என்ற கேள்விக்கு, போக விருப்பமா என்று நான் அவளையே கேட்டேன். "ஓம்" என்றாள், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

விண்ணப்பத்தின் விருப்பு வரிசையை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வைத்துக்கொண்டு அவளே எழுதட்டும். எழுதி முடித்து, அனுப்புவதற்கு முன் சனிக்கிழமை மூவரும் வாருங்கள். மறக்காமல் அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள். போன ஆவணியின் அளவுகளை நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.