பெட்டிக்குள் இருந்தவர்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் மேஜிக் செய்தவர். பள்ளிக்கூடங்கள், மாதா கோயில் திருவிழாக்கள், தொழிலாளர் குடும்ப விழாக்கள், தீவுத்திடல் பொருட்காட்சி என்று வடசென்னையில் அவர் ஏறாத மேடை இல்லை. தொலைக்காட்சியிலும் சில முறை வந்திருக்கிறார். கடைசியாக ஒரு நிலையத்தில் நாள் முழுக்கக் காக்க வைத்து, எடுத்ததை நான்கு நிமிடமாக வெட்டி ஒளிபரப்பினார்கள். ஒரு விருதுகூடக் கிடைக்காமலே சென்ற ஆண்டு இறந்துபோனார்.

அவருடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. எல்லா ஐட்டங்களின் படமும் அளவும் செய்முறையும் அதில் உள்ளன. ஆளை இரண்டாக அறுக்கும் பெட்டியின் படத்துக்குக் கீழே மட்டும் 'ஜூன் 1987, அகலம் 1 அங்குலம் கூட்டியது' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். காரணம் புரியவில்லை. நான் 1986 டிசம்பரில் பிறந்தவன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் கிடக்கிறது.

ரகசியங்களை யூடியூபில் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். அது துரோகம் என்கிறார்கள் அப்பாவோடு தொழில் செய்தவர்கள். நம்மிடமிருந்து வெள்ளைக்காரன் திருடிக்கொண்டு போன கலைதானே, இதில் என்ன ரகசியம் என்றும் தோன்றுகிறது. அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதவும் ஆசை. ரகசியங்களை வெளியிடலாமா? அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. அவர் உதவிக்குப் போவார், அவ்வளவுதான். மேஜிக் ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி. மேஜிக்கை நம்பிக் குடும்பம் நடத்துவது எப்படிப்பட்ட காரியம் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறந்தால்தான் பிழைப்பு. தலைமையாசிரியர்களை நடையாய் நடந்து பார்த்துத் தேதி வாங்கி, பிள்ளைக்கு இவ்வளவு என்று வசூல் பேசி, சாமான்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பரீட்சை வந்துவிட்டால் பள்ளியில் மேடை கிடையாது. கோடையில் திருவிழாவும் கல்யாண வரவேற்பும் கைகொடுக்கும். மழைக்காலத்தில் கடன். இதை ஒருவர் முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கிறார் என்றால் அவர் சாமானியர் இல்லை.

விருது கிடைக்கவில்லை என்ற வருத்தத்தை விட்டுவிடுங்கள். வங்காளத்து மேஜிக் மேதை பி.சி. சர்க்காருக்கு 1964-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தப் பட்டத்துக்காகவா பேசுகிறார்கள்?

வெள்ளைக்காரன் திருடினான் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். 1830களில் இதே சென்னையில், ஒரு கையை மட்டும் ஒரு கோலின் மேல் வைத்தபடி அந்தரத்தில் உட்கார்ந்து காட்டிய ஒருவரைப் பற்றி ஆங்கிலேயர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். ராமோ சாமி என்ற பெயரில் லண்டன் மேடைகளைக் கலக்கிய தென்னிந்தியர் 1850-ல் அங்கேயே வறுமையில் இறந்தார். அவரை அடக்கம் செய்ய அவர் மனைவி ஊராரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. வித்தை இங்கிருந்து அங்கே போயிற்று, அங்கிருந்து இங்கேயும் வந்தது. ஆளைப் பெட்டியில் வைத்து இரண்டாக அறுப்பதை 1921 ஜனவரியில் லண்டன் மேடையில் காட்டியவர் செல்பிட் என்ற ஆங்கிலேயர். உங்கள் அப்பா அதைத் தன் பிழைப்பாக்கிக்கொண்டார். அவரைத் திருடன் என்பீர்களா?

நான்கு நிமிடமாக வெட்டியது அநியாயம். ஆனால் முழுதாகக் காட்டியிருந்தால் நல்லது நடந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். நன்றாகத் தேறிய ஒரு மணி நேரச் சரக்குதான் மேடைக்காரரின் சொத்து. கொருக்குப்பேட்டையில் பார்த்தவர்கள் வேறு, எண்ணூரில் பார்ப்பவர்கள் வேறு என்பதால் அந்த ஒரு மணி நேரமே அவருக்கு இருபது ஆண்டுகள் சோறு போடும். தொலைக்காட்சியில் வந்தால் ஒரே இரவில் ஊர் முழுக்கப் பார்த்துவிடும். அடுத்த வாரம் பள்ளி மேடையில் சீட்டுக்கட்டை எடுத்ததுமே முன்வரிசைப் பிள்ளைகள் முடிவைக் கத்திச் சொல்வார்கள்.

இவற்றுக்காக நான் இந்தப் பதிலை எழுதவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்காக எழுதுகிறேன். "அவர் உதவிக்குப் போவார், அவ்வளவுதான். மேஜிக் ஒன்றும் தெரியாது." இதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா, தம்பி?

போன மாதம் தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். மேஜிக் வைத்திருந்தார்கள். நிபுணரின் பெயரை அறிவிப்பாளர் மூச்சுக்கு ஒருமுறை சொன்னார். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குறுகலான பெட்டிக்குள் மடங்கினாள், வாள்கள் இறங்கின, சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். அவள் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. கைதட்டல் முடிந்து, பந்தி எல்லாம் முடிந்த பிறகு, மண்டபத்தின் பின்கட்டில் அவள் முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சாப்பிட்டதைப் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

நான் வளர்ந்த ஒண்டுக்குடித்தன வீட்டின் கடைசிப் பகுதியில் ஒரு மேஜிக்காரர் குடும்பம் இருந்தது. அவர் மனைவியை நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். நிகழ்ச்சி இருக்கும் நாளில் காலையில் குடித்த கஞ்சியோடு சரி; இரவு வீடு திரும்பும்வரை அவர் வயிற்றில் வேறு எதுவும் இறங்காது. கண்ணாடி வளையல் உள்ளே சத்தம் போடும் என்பதால் பிளாஸ்டிக் வளையலுக்கு மாறிவிடுவார். மெட்டியைக் கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். கட்டியவன் ரம்பம் பிடிக்கப் போகிற நாளில் மெட்டியைக் கழற்றுகிறாளே என்று மாமியார் வாசலில் உட்கார்ந்து வைவார். அத்தை பதில் பேசியதில்லை.

வீடே தூங்கும் மதிய நேரத்தில், நடையில் சுண்ணாம்புக் கட்டியால் நீள்சதுரம் ஒன்று கிழித்து, அதற்குள் உடம்பை ஒடுக்கிப் பழகுவார். உதடு மட்டும் அசையும். எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முழங்கையிலும் முட்டியிலும் தோல் கறுத்துத் தடித்திருக்கும். இரவில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார். மாமா மேடையில் ஒரு சொல்லைச் சொன்னதும் இவர் ஒரு காரியம் செய்ய வேண்டும். அடுத்த சொல்லுக்கு அடுத்த காரியம். கூட்டம் சிரித்துவிட்டால் மாமாவுக்குக் குஷி வந்து பேச்சை நீட்டுவார். அவர் நீட்ட நீட்ட உள்ளே அத்தைக்குக் கால் மரத்துப்போகும். பூட்டிய பெட்டி, உள்ளே கறுப்புத் துணி, வெளியே விளக்குகளின் சூடு, புது வார்னிஷின் நெடி. இருமல் வந்தால் தொழில் போயிற்று. ஒருநாள் இரவு வீட்டுக்கு வந்ததும், இன்றைக்கு எதற்கு அந்த இரண்டாவது கதை என்று மட்டும் அவர் மாமாவைக் கேட்டது என் காதில் விழுந்தது.

அந்த ஐட்டத்தில் மாமாவின் வேலை என்ன? பேசுவது, பூட்டுவது, ரம்பத்தை இழுப்பது, கும்பிடு போடுவது. அவர் பேச்சு கெட்டிக்காரப் பேச்சுதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மாயம் நடந்தது பெட்டிக்குள்ளே. நடத்தியவர் அத்தை. மாமாவுக்குத் தொண்டை கட்டினால் வேறு ஒருவர் வந்து பேசியிருக்கலாம். அத்தைக்குக் கால் பிசகினால் அந்தப் பெட்டி வெறும் பலகைதான்.

கட்டையும் பூட்டையும் விடுவித்துக்கொண்டு வெளியே வருவதில் உலகப் புகழ்பெற்ற அமெரிக்க மேஜிக்காரர் ஹூடினியின் கதையைப் படித்துப் பாருங்கள். 1894-ல் கல்யாணம் ஆனதும் அவர் தன் மனைவி பெஸ்ஸைப் பெட்டி மாறும் ஐட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதுவரை அவருடைய தம்பி அதைச் செய்துவந்தார். கையைக் கட்டிச் சாக்கில் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டவர் ஹூடினி. வெளியே நின்று திரையை இழுத்துக் கை தட்டியவர் பெஸ். மூன்றாவது தட்டுக்குத் திரை விலகினால் ஹூடினி வெளியே நிற்கிறார், பூட்டிய பெட்டிக்குள் சாக்கில் கட்டுண்டு கிடப்பவர் பெஸ். இருவர் சேர்ந்து சில நொடிகளில் செய்த வேலை இது. உலகம் ஒரு பெயரைத்தான் வைத்துக்கொண்டது.

சர்க்காரின் பெரும்புகழுக்குக் காரணமான இரவையும் பாருங்கள். 1956 ஏப்ரல் 9, பிபிசி தொலைக்காட்சி, நேரடி ஒளிபரப்பு. 17 வயது தீப்தி டேயை மேசையில் கிடத்தி, மின்ரம்பத்தால் குறுக்கே அறுக்கிறார். பிறகு அந்தப் பெண்ணை எழுப்பப் பார்க்கிறார். அசைவில்லை. முகத்தைத் துணியால் மூடுகிறார். அந்த இடத்தில் நிகழ்ச்சி நேரம் முடிந்தது என்று தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி வந்து அறிவித்துவிட்டார். பெண் செத்துவிட்டாள் என்று பதறியவர்களின் அழைப்புகள் பிபிசிக்குக் குவிந்தன. மறுநாள் பத்திரிகைகளில் முதல் செய்தி. சர்க்கார் நேரக் கணக்கில் மன்னர், வேண்டுமென்றேதான் அப்படி முடித்தார் என்று இன்றும் மெச்சுகிறார்கள். இருக்கட்டும். நாடே பார்த்துக்கொண்டிருக்க, ரம்பத்துக்குக் கீழே கண் இமையைக்கூட அசைக்காமல் கிடந்தாளே அந்தப் பிள்ளை, அவள் அசைந்திருந்தால் எந்த நேரக் கணக்கு உதவியிருக்கும்?

பெண்கள் என்பதால் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். 1985-ல் மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே போனவர்களுக்கு மோடி மஸ்தான்களை நினைவிருக்கும். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிச் சொல்லியே, கடைசிவரை சண்டை விடாமல் தாயத்து விற்றவர்கள். ஒரு பையனைத் தரையில் கிடத்திக் கறுப்புத் துணியால் மூடியிருப்பார்கள். கூட்டத்தில் யார் என்ன நிறத்தில் சட்டை போட்டிருக்கிறார், யார் கையில் எத்தனை ரூபாய் நோட்டு என்று துணிக்குள்ளிருந்து அவன் சொல்வான். மஸ்தானின் வாய்ச்சாலத்தை ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறது. நட்டநடு வெயிலில் கறுப்புத் துணிக்குள் கிடந்த பையன் என்ன ஆனான் என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

இப்போது உங்கள் அப்பாவின் சிவப்பு மைக்கு வருகிறேன். காரணம் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புரியாமல் போனதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நீங்கள் பிறந்தது 1986 டிசம்பர். பெட்டியின் அகலத்தைக் கூட்டியது அடுத்த ஜூன். நடுவில் ஆறு மாதம். பிரசவம் ஆன உடம்பு பழைய அளவுக்குள் அடங்கவில்லை, தம்பி. பள்ளி திறக்கிற மாதம், வருமானம் வந்தாக வேண்டும், அம்மா மறுபடியும் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறார். உங்கள் அப்பா தச்சரைக் கூப்பிட்டு ஓர் அங்குலம் கூட்டியிருக்கிறார். அதைச் சிவப்பு மையில் எழுதிவைக்கும் அளவுக்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது, அந்த ஐட்டம் யாருடையது என்று. அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த ஒரு வரியால்தான். அவர் மகன் நீங்கள், அந்தப் பெட்டியைப் பார்த்தே வளர்ந்தவர், 'உதவிக்குப் போவார்' என்று எழுதுகிறீர்கள்.

ரகசியங்களை வெளியிடலாமா என்று கேட்டீர்கள். தெருமுனைகளில் திராவிடர் கழகத்தார் நடத்திய 'மந்திரமா, தந்திரமா' நிகழ்ச்சிகளை நின்று பார்த்து வளர்ந்தவள் நான். தீ மிதிப்பதையும் விபூதி வரவழைப்பதையும் செய்து காட்டி, எப்படி என்றும் மக்களிடம் சொல்லிவிடுவார்கள். சாமியார்களிடம் ஏமாறுகிறவனைக் காப்பாற்ற ரகசியத்தை உடைப்பது நல்ல காரியம். பார்வையாளர் எண்ணிக்கைக்காக, இன்னும் அதை வைத்துப் பிழைக்கும் பத்துக் குடும்பங்களின் சோற்றில் கை வைப்பது வேறு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்தான் நீங்கள். அதற்கு மேல் அந்தக் கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. நோட்டில் இருப்பவை தச்சருக்கும் தையல்காரருக்குமான அளவுகள். வித்தை அதில் இல்லை. உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். எனக்காகக் கேளுங்கள். எந்தச் சொல்லுக்கு என்ன செய்வார் என்று கேளுங்கள். இருட்டில் எப்படி எண்ணினார்? காய்ச்சல் வந்த நாளில், மாதவிலக்கு நாளில் என்ன செய்தார்? வாங்கிய பணத்தில் தனக்கென்று எப்போதாவது ஏதாவது எடுத்துக்கொண்டாரா? நிகழ்ச்சியை நான்கு நிமிடமாக வெட்டினார்கள் என்றீர்களே, அந்த நான்கு நிமிடத்தில் அவர் முகம் எத்தனை நொடி வருகிறது? 1987 ஜூன் மாதம், அவர் பெட்டிக்குள் இருந்த நேரத்தில், மேடைக்குப் பின்னால் உங்களை யார் கையில் வைத்துக்கொண்டிருந்தார்கள்?

சொல்ல மாட்டேன் என்பார். எனக்கு என்ன தெரியும் என்பார். விடாதீர்கள். மகனே இத்தனை ஆண்டுகள் கேட்காததைத் திடீரென்று கேட்டால் யாராலும் உடனே சொல்லிவிட முடியாது. தினம் கொஞ்சமாகக் கேளுங்கள், அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிவையுங்கள், உங்கள் அலங்காரத்தைச் சேர்க்காதீர்கள். அந்தப் பெட்டியை யாராவது எடைக்குக் கேட்டால் கொடுத்துவிட வேண்டாம்.

புத்தகம் எழுதுங்கள். அட்டையில் இரண்டு பெயர் இருக்கட்டும். அம்மா சொல்லி எழுதிய பக்கங்களை முதலில் எனக்கு அனுப்புங்கள். அப்பாவின் பக்கங்கள் பிறகு வரட்டும்.

அன்புடன்,
அக்கா