பழைய பித்தளை விளக்கை சுரண்டாம டெஸ்ட் பண்ண முடியுமா?

முடியும். ஆனா முதல்ல கையில இருக்குற புளியை கீழ வைங்க.

தீபாவளிக்குள்ள விளக்கிடணும்னு உங்க வீட்டுலயும் யாராச்சும் நிப்பாங்க, எங்க வீட்டுல மாமியார். அப்பா அந்தக் காலத்துல ரஜூலா கப்பல்ல ஊருலேர்ந்து சிங்கப்பூருக்கு கொண்டு வந்த குத்துவிளக்கு, நான் வேலைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள தண்டு பூரா பளபளன்னு ஆக்கிட்டாங்க. பித்தளை மேல வருஷக்கணக்குல ஏறுற அந்த பச்சைக் களிம்புலதாங்க விஷயமே இருக்கு. நல்லவேளை அடித்தட்டு உள்பக்கம் அவங்களுக்கு கை எட்டல.

இங்க லிட்டில் இந்தியா தேக்கால நகைக்கடை வச்சிருக்குற கூட்டாளிகிட்ட தங்கம் பாக்குற எக்ஸ்ஆர்எஃப் மெஷின் இருக்கு, விளக்கை கழட்டி ஒவ்வொரு துண்டா வச்சுப் பார்த்தோம். எக்ஸ்ரே பட்டதும் என்னென்ன உலோகம்னு சொல்லிடும். எல்லா எடத்துலயும் செம்பு, துத்தநாகம், ஆனா உச்சியில இருக்குற அன்னத்தோட கழுத்துல மட்டும் ஈயமும் வெள்ளீயமும் எகிறுது. அது ஈயப்பத்து, ஒடஞ்சதை யாரோ ஒட்டவச்சிருக்காங்க! (அது தங்கத்துக்கு செட் பண்ணின மெஷின், மேல்தோலை மட்டும்தான் பாக்கும், பர்சென்ட்டை நம்பாதேன்னு சண்டைக்கு வராதீங்க, நான் நம்பரே எடுக்கல.)

பச்சை என்ன பச்சைன்னு அது சொல்லாது. அதுக்கு ராமன் ஸ்பெக்ட்ரோஸ்கோபி, நம்ம சி.வி. ராமன் 1928ல கண்டுபிடிச்சாரே அந்த விளைவுதான், லேசர் பட்டு சிதறுற வெளிச்சத்தை வச்சு என்ன சேர்மம்னு பாக்குறது. அக்கா மகன் லேப்ல இருக்கான், லேசர் பவரை ரொம்ப கம்மியா வச்சுத்தான் பார்த்தான், கூட்டுனா களிம்பே கருகிடுமாம். அடித்தட்டு இடுக்குல செவப்பா குப்ரைட் (செம்பு ஆக்சைடு), அதுக்கு மேல பச்சை மாலகைட் (செம்பு கார்பனேட்). தானா களிம்பு ஏறினா இப்படித்தான் அடுக்கா இருக்கும். அன்னத்து கழுத்துல இருந்த பச்சை? தாலோசயனின், 1930கள்ல கடைக்கு வந்த பெயின்ட் நிறமி. ரிப்பேர் பண்ணினவன் களிம்பு மாதிரி தெரியட்டும்னு பெயின்ட்டை தடவி விட்டிருக்கான்.

அப்ப விளக்குக்கு என்ன வயசுன்னு கேப்பீங்க. இந்த மெஷின் எதுவும் வருஷம் சொல்லாது, மாலகைட்டையே கெமிக்கல் போட்டு வரவைக்கிற ஆளுங்களும் இருக்காங்க. ஆனா வெளிர்பச்சையா மாவு மாதிரி உதிர்ந்தா சும்மா விடாதீங்க, அது செம்பு குளோரைடு, சிங்கப்பூர் ஈரத்துல உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே போகும், கேமரா வைக்கிற டிரை கேபினட்ல வைங்க.

இதுல கொடுமை, அப்பா போனதுலேர்ந்து இதை பாம் ஷெல்டர்ல (குண்டு விழுந்தா ஒளியறதுக்கு வீட்டுக்குள்ளயே கட்டுற ரூம்) பழைய செருப்போட போட்டு வச்சிருந்த எங்கண்ணன், டெஸ்ட் பண்ணினோம்னு கேள்விப்பட்டதும் பங்கு கேக்குறான். அன்னத்தை வேணா எடுத்துக்கட்டும், பெயின்ட்டோட.