முழுக்கு எடுக்கத் துடிக்கும் மகள்

சகோதரி, சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபையில்) குழந்தை ஞானஸ்நானம் பெற்ற உங்கள் 16 வயது மகள், அதை வளர்ந்தபின் தானே உறுதிசெய்யும் திடப்படுத்தல் வேண்டாம், பெந்தெகொஸ்தே சபையில் தண்ணீரில் மூழ்கிப் பெறும் முழுக்கு ஞானஸ்நானம்தான் எடுப்பேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். என் மகனும் இப்படித்தான். பைபிளில் அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி 'தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன' என்று கேட்கும் இடத்தை அடிக்கோடிட்டு நீட்டினான். சிறைக் காவலனின் வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்களே என்று நான் அதே புத்தகத்தின் 16-ஆம் அதிகாரத்தைக் காட்டினேன். அதில் கைக்குழந்தை இருந்ததா என்று மடக்கிவிட்டான்! வசனச் சண்டையில் இறங்காதீர்கள்.

ஒருமுறை ஞானஸ்நானம் பெற்றவருக்கு மறுபடியும் அதைக் கொடுப்பதை நம் சி.எஸ்.ஐ. சபை ஏற்காது. நாளைக்குத் திருவிருந்து, கல்யாணம் என்று வரும்போது என்ன கேள்வி எழும் என்பதை ஆயரிடம் அவளே கேட்கட்டும். தோழிகளுக்காகவா, தனக்காகவா என்பதை மட்டும் நீங்கள் விசாரியுங்கள். தனக்காகத்தான் என்றால் தடுக்காதீர்கள், கூடவே போங்கள். மாமியார் கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.