பேறுகாலச் சம்பளத்தை அரசு தரட்டும் என்கிறீர்கள். முதலில் உங்கள் ஆட்களை எண்ணுவோம்

கேள்வி: ஓசூர் பாகலூர் சாலையில் வாகன உதிரிபாகங்கள் கடையும் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஜாப் ஒர்க்தான், பில் போட்டு மூன்று மாதம் கழித்தே பணம் வரும். வேலையாட்கள் 14 பேர். பதிவேட்டில் 9 பேர் இருக்கிறார்கள். மற்ற 5 பேருக்கு வவுச்சரில் கூலி கொடுக்கிறேன். அந்த 5 பேரில் ஒருவர், பாகங்களை அளந்து பார்த்துப் பேக்கிங் செய்யும் பெண். இரண்டரை ஆண்டுகளாக வருகிறார். நாள் கூலி 600 ரூபாய், சனிக்கிழமைதோறும் பட்டுவாடா. தலைப்பிரசவம், இப்போது ஏழாவது மாதம். 26 வாரச் சம்பளம் வேண்டும் என்று கணவருடன் வந்து கேட்கிறார். முன்பணம் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன், வளைகாப்புக்குச் சீர் வைத்தேன். அதற்கு இதுதான் பதிலா? சேரும்போதே ‘கர்ப்பமானால் நானே விலகிக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். பிள்ளை பெறுவது நாட்டுக்கே நன்மை என்றால் அரசு கஜானாவிலிருந்து கொடுக்க வேண்டியதுதானே? உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா? அந்தக் கடிதத்தை ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளலாமா? இனிமேல் பெண்களை வேலைக்கு வைக்காமலே இருந்துவிடலாமா?

பதில்: ஐயா, நீங்கள் சீர் வைத்ததை மதிக்கிறேன். ஆனால் வழக்கில் அதற்கு எடை இல்லை. முன்பணம் எழுதிவைத்த நோட்டோ, அந்தப் பெண் உங்களிடம் தொடர்ந்து வேலை செய்தார் என்பதற்குச் சான்றாக அவர் பக்கமே நிற்கும். உங்கள் கடிதத்தில் சட்டத்தின் கண்ணில் படுகிற வரி ஒன்றே ஒன்று. 14 பேர் வேலை செய்கிறார்கள், 9 பேர் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்ற வரிதான் அது. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை அதிலிருந்தே வருகிறது.

10 பேர் வேலை செய்யும் இடம் என்றால் பேறுகாலப் பயன் கொடுத்தாக வேண்டும். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டம் அப்படித்தான் சொன்னது. 2017-இல் 12 வாரம் 26 வாரமாக உயர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டபோதிலும், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்பதும், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்பதும் மாறவில்லை. சட்டம் எண்ணுவது வேலை செய்யும் ஆட்களை. பதிவேட்டில் உள்ள பெயர்களை அல்ல. வவுச்சரில் கூலி வாங்குவதால் ஒருவர் வேலையாள் அல்லாமல் போய்விடுவதில்லை. டில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் தொடுத்த வழக்கில், நிரந்தரமாக்கப்படாதவர்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

அரசு ஏன் தரக்கூடாது என்ற உங்கள் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. நானும் அதே கருத்துடையவன்தான். பேறுகாலச் செலவைத் தனியொரு முதலாளியின் தலையில் கட்டக்கூடாது, சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ கொடுக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919-லிருந்தே சொல்லிவரும் நெறி. 2000-ஆம் ஆண்டின் 183-ஆம் உடன்படிக்கை அதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது, இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. 26 வாரத்தில் 7 வாரச் சம்பளத்தை முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் ஒன்றை மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2018 நவம்பரில் பேசியது. அதைக் காட்டி நீங்கள் பணம் கேட்கும்படியான உரிமையாக அது மாறவில்லை. செலவு முழுவதும் முதலாளியுடையது என்று சட்டம் வைத்திருப்பதால்தான், நேர்காணலுக்கு வரும் பெண்ணிடம் அவள் படித்த படிப்பைக் கேட்பதற்கு முன்பே ‘கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று கேட்கிறார்கள். ஓசூரில் சிறு பட்டறை வைத்திருக்கும் பலர் இதை என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலித்திருக்கிறது. ஆனால் இது நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டிய வாதம். ரிட் மனுவில் இதை எழுதினால், கொள்கை முடிவு என்று சொல்லி நீதிமன்றம் விலகிக்கொள்ளும். அந்த மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தப் பெண்ணுக்குத் தர வேண்டிய பணம் ஒரு நாள்கூட நிற்காது.

அதைவிட முக்கியமானது ஒன்று. நீங்கள் கேட்கும் பொது நிதி உங்களைப் போன்ற பட்டறைகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு அதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்டினால், 26 வாரச் சம்பளத்தையும் முழுமையாக இ.எஸ்.ஐ. கழகமே கொடுத்துவிடும், முதலாளி கையிலிருந்து ஒரு ரூபாயும் போகாது. இந்தப் பெண்ணின் கூலி மாதம் 26 நாளுக்கு 15,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பங்கு மாதம் 507 ரூபாய். 14 பேருக்கும் இதே கணக்கில் கட்டினாலும் மாதம் 7,100 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். அந்தத் தொகை சிறிதென்று நான் சொல்லமாட்டேன். மூன்று மாதம் கழித்துப் பணம் வரும் பட்டறைக்கு அது பெரியதுதான். ஆனால் பதிவேட்டை 9 பேரில் நிறுத்திவைத்து அந்த நிதிக்கு வெளியே நின்றது நீங்கள், இ.எஸ்.ஐ.யில் பேறுகாலப் பயன் பெறும் தகுதியை அவர் அடையாத வரை அந்தப் பொறுப்பு உங்களிடமே இருக்கும்.

இப்போது தொகையைப் பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கணக்கிலேயே பலர் தவறுகிறார்கள். வாரம் ஆறு நாள் வேலை, ஆகவே 26 வாரத்துக்கு 156 நாள் என்று கணக்குப் போட்டு 93,600 ரூபாய் கொடுக்கிறார்கள். கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து போன தோட்டத் தொழிலாளி ஒருவரின் வழக்கில், வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள் என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்த்துவிட்டது. ஆகவே 182 நாள், 600 ரூபாய் வீதம் 1,09,200 ரூபாய். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் நீங்கள் இலவச மருத்துவ வசதி செய்து தராததால் மருத்துவ போனஸ் 3,500 ரூபாய். ஆக 1,12,700. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மாநில அரசு தரும் 18,000 ரூபாயைச் சுட்டிக்காட்டி ‘அரசுதான் கொடுக்கிறதே’ என்று இதில் கழிக்க முடியாது. அது ஏழைத் தாய்மாருக்கான உதவி, சம்பளம் அல்ல.

இனி, உங்களைப் போன்றவர்கள் போய் விழும் குழியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வழக்கறிஞனாகச் சொல்கிறேன்: பணம் கொடுக்காததால் என்னிடம் வழக்கோடு வந்தவர்கள் கெட்டதைவிட, கொடுக்காமல் இருப்பதற்காகச் செய்த காரியங்களால் கெட்டதே அதிகம்.

முதலாவது, அந்தக் கடிதம். சட்டத்துக்கு மாறாகப் போட்ட ஒப்பந்தம் எதுவும் இந்த விஷயத்தில் நிற்காது. சேரும் நாளிலேயே எழுதி வாங்கினீர்கள் என்பது உங்கள் நோக்கத்துக்குச் சாட்சியாகிவிடும். அதைவிட மோசம், அதற்குத் தேதி போட்டு ராஜினாமா ஆக்குவது. இப்படி ஒருவர் என்னிடம் வந்தார். பெண் விலகிவிட்டதாக ஆவணி மாதத் தேதியில் ஒரு கடிதத்தை அதிகாரி முன் வைத்தார். அந்தப் பெண் தன் கைப்பேசியை எடுத்துப் பட்டறையின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து காட்டினார்: அந்தத் தேதிக்குப் பிறகு ஐந்து வாரம் வரை, வெர்னியர் அளவுகோலை வைத்து எடுத்த பாகங்களின் படங்கள், நாளும் நேரமும் பதிந்து, ஒவ்வொன்றின் கீழும் முதலாளியே ‘ஓகே’ என்று போட்டிருந்தார். அதன் பிறகு நான் வாதாடுவதற்கு அங்கே எதுவும் மிச்சமிருக்கவில்லை. பேறுகாலச் சம்பளம் என்று தொடங்கிய விஷயம் போலி ஆவணம் என்ற இடத்துக்குப் போய்விட்டது. கர்ப்பமாக இருக்கும்போது வேலையை விட்டு நீக்கினாலும் பேறுகாலப் பயன் ஒழியாது என்று சட்டம் சொல்கிறது. ஆகவே அந்தக் கடிதத்தால் நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது ஒன்றுமில்லை, கூடுதலாக ஒரு குற்றச்சாட்டை மட்டுமே வாங்கிக்கொள்வீர்கள்.

இரண்டாவது, அவசர அவசரமாக இ.எஸ்.ஐ.யில் பெயர் சேர்ப்பது. இன்று சேர்த்தாலும் இந்தப் பிரசவத்துக்கு அது உதவாது. சந்தா கணக்கிடும் ஆறு மாதக் காலங்களில், முந்தைய இரண்டிலும் சேர்த்து 70 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும், அதற்கான பயன்காலமும், அதாவது பயனைக் கேட்கக்கூடிய காலமும், பல மாதம் கழித்தே தொடங்கும். இது தெரியாமல், நேற்றுத்தான் வேலைக்கு வந்தவர் என்று புதுச் சேர்க்கைத் தேதி போட்டுப் பதிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டரை ஆண்டுக் கூலி வவுச்சர்கள் அந்தப் பதிவைப் பொய்யென்று காட்டிவிடும். பெயர் சேருங்கள், 14 பேரையும் சேருங்கள், ஆனால் உண்மையான தேதியில் சேருங்கள். பழைய நிலுவையையும் அதற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியையும் கழகம் கேட்கலாம். அந்த வேதனை ஒரு முறை வரும். சேராமல் இருக்கும்போது உங்கள் லேத்தில் ஒருவர் விரல் போனால் வருவது இதைப்போலப் பல மடங்கு என்பது ஓசூரில் பட்டறை நடத்தும் உங்களுக்குத் தெரியும்.

மூன்றாவது குழிதான் ஆழமானது, ஏனென்றால் அது சமரசம் போலத் தோற்றம் தரும். ஊர்ப் பெரியவர் ஒருவரை நடுவில் வைத்து, 40,000 ரூபாயைக் கையில் கொடுத்து, ‘இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை’ என்று பத்திரத்தில் எழுதி வாங்குவது. அப்படி வாங்கிய ஒருவர், குழந்தை பிறந்து இரண்டு மாதம் கழித்து மீதித் தொகைக்கு நோட்டீஸ் வந்தபோது, பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். சட்டம் தரும் தொகைக்குக் கீழே எழுதி வாங்கியது செல்லாது என்று அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. ரொக்கமாகக் கொடுத்ததால் அந்த 40,000-ஐயும் நிரூபிக்க முடியவில்லை. முழுத் தொகையையும் மீண்டும் கட்டினார். அந்த ஆண்டு புதிதாக வாங்க வைத்திருந்த இயந்திரத்தின் முன்பணம் அதில் போனது.

ஆகவே என் ஆலோசனை, கொடுத்து முடியுங்கள். முழுத் தொகையையும் கொடுங்கள், அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். பிரசவத்துக்கு முன் அவர் எடுக்கும் நாட்களுக்கான பணத்தை, அதிகபட்சம் 8 வாரத்துக்கு உரியதை, கர்ப்பச் சான்றைப் பெற்று முன்கூட்டியே கொடுக்க வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள். அவ்வளவு பணம் ஒரே நேரத்தில் புரளவில்லை என்றால், அதை அவரிடமே நேராகச் சொல்லி, அவர் மனமொப்பித் தருகிற அவகாசத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பேச்சு தேதியைப் பற்றி மட்டும் இருக்கட்டும், தொகையைப் பற்றி வேண்டாம். முன்பணப் பாக்கி ஏதும் இருந்தால் அதை இதில் பிடிக்காதீர்கள். வேலைக்குத் திரும்பிய பிறகு பேசிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது அவருடைய இடம் அவருக்கு உண்டு என்று ஒரு கடிதமும் கொடுங்கள். புகார் கொடுத்த பிறகு தரும் பணத்துக்கும், புகாருக்கு முன்பே தரும் பணத்துக்கும் அதிகாரிகளிடத்தில் மிகுந்த வேறுபாடு உண்டு. உங்களுக்கு எதிராக இன்னும் புகார் போகவில்லை. அவர் கணவரோடு உங்கள் வாசலுக்குத்தான் வந்திருக்கிறார்.

வழக்காடிப் பார்க்கலாம் என்று யாராவது உங்களைத் தூண்டினால், நம் பக்கத்துத் தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கைச் சொல்லுங்கள். மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு விடுப்புக் கேட்டபோது, முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்களே என்று மாநில அரசு மறுத்தது. மறுக்கப்பட்ட அந்த விண்ணப்பம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே 23 அன்று அவருக்குச் சாதகமாக முடிந்தது; பேறுகால விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று நீதிபதிகள் எழுதினார்கள். அரசே முதலாளியாக நின்று, கையில் ஒரு விதியையும் வைத்துக்கொண்டு மறுத்த வழக்கு அது. உங்கள் கையில் இருப்பதோ ஒரு வெள்ளைத்தாள்.

பெண்களையே வைக்காமல் இருக்கலாமா என்ற கடைசிக் கேள்விக்கு விடை, கூடாது என்பதே. ஆளெடுப்பில் பால் வேற்றுமை காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. அதோடு, 14 பேரும் இ.எஸ்.ஐ.யில் வந்துவிட்டால், 21,000 ரூபாய்க்கு உட்பட்ட எந்தப் பெண்ணின் பேறுகாலச் சம்பளமும் உங்கள் செலவாக இருக்கப்போவதில்லை. அந்த இடத்துக்கு வேறு ஒருவரைத் தற்காலிகமாக வைப்பது மட்டுமே உங்கள் சுமை.

அந்தக் கடிதத்தின் அசலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு வருகைப் பதிவேடு, வவுச்சர் புத்தகம், முன்பண நோட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரையோ இ.எஸ்.ஐ. ஆலோசகரையோ போய்ப் பாருங்கள். அதுவரை அவற்றில் எதையும் அடிக்கவோ, புதிதாக ஒரு வரி சேர்க்கவோ வேண்டாம்.